ஏஐ கொண்டு கிட் கமிட் மெசேஜ் எழுதுவது: முழுமையான வழிகாட்டி

கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி கிட்; அப்படி ஒரு பதிவுதான் கமிட், அதோடு எழுதும் விளக்கம் கமிட் மெசேஜ். நாள் முழுக்க வேலை பார்த்துப் பத்துப் பதினைந்து கோப்புகளில் கை வைத்துவிட்டு, மாலையில் எல்லாவற்றையும் மொத்தமாக ஸ்டேஜ் செய்து (அடுத்த கமிட்டுக்கென்று எடுத்து வைத்து), எடிட்டரில் இருக்கும், ஏஐயை மெசேஜ் எழுத வைக்கும் நட்சத்திரப் பொத்தானை அழுத்துகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். "பல கோப்புகளில் மேம்பாடுகள் செய்யப்பட்டன" என்று ஒரு வரி வந்து நிற்கும். படித்தால் தப்பு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு பக்கை, அதாவது கோடில் உள்ள பிழையை, தேடிப் போகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இருக்காது.

என்ன மாறியது என்பதை டிஃப்பை, அதாவது எந்த வரி போனது எந்த வரி வந்தது என்று காட்டும் பட்டியலை, பார்த்து மாடல் சொல்லிவிடும். ஏன் மாறியது என்பது டிஃப்பில் கிடையாது. அது உங்கள் தலையிலும், வேலையைப் பதிந்த டிக்கெட்டிலும், வாடிக்கையாளரிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்பிலும் இருக்கிறது. அதை எந்தக் கட்டத்தில், எப்படி மாடலிடம் சேர்ப்பது என்பதில்தான் இந்த வேலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன்; டெர்மினலில் வழக்கமான எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டு மெசேஜ்களும் தமிழில் இருக்கின்றன. உங்கள் குழு ஆங்கிலத்தில் எழுதினால் அதே விஷயம் ஆங்கிலத்தில் வரட்டும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அனுமதி. வெளி சர்வரில் இயங்கும் மாடலுக்கு டிஃப்பை அனுப்புவது, நிறுவனத்தின் சோர்ஸ் கோடை வெளியே அனுப்புவதுதான். அலுவலகத்தில் எந்தக் கருவிக்கு ஒப்புதல் உண்டு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓப்பன் சோர்ஸ் திட்டமென்றால் அதன் பங்களிப்பு விதிகளைப் படியுங்கள். ஜென்டூ லினக்ஸ் 2024-இல் ஏஐ உதவியோடு உருவான எந்தப் பங்களிப்பும் வேண்டாம் என்று முடிவெடுத்தது. நெட்பிஎஸ்டியும் அதே ஆண்டில் ஏஐ எழுதிய கோடுக்குக் கட்டுப்பாடு விதித்தது.

கருவி. மூன்று வகை உண்டு. விஎஸ் கோடில் கிட்ஹப் கோபைலட் தருவது போன்ற, எடிட்டருக்குள் இருக்கும் பொத்தான் முதல் வகை. ஓப்பன்கமிட், ஏஐகமிட்ஸ் போல டெர்மினலில் ஓடும் கருவிகள் இரண்டாவது. மூன்றாவது, ஒல்லாமா மூலம் உங்கள் கணினியிலேயே ஓடும் மாடல். டிஃப் வெளியே போகக் கூடாத இடத்தில் மூன்றாவதே வழி. மற்ற இடங்களில் எதை எடுத்தாலும் கீழே உள்ள வரிசை மாறாது.

குழுவின் வழக்கம். `கிட் லாக் --ஒன்லைன் -20` போட்டுக் கடைசி 20 மெசேஜ்களைப் பாருங்கள். ஃபீட் (புதிய வசதி), ஃபிக்ஸ் (பிழைத் திருத்தம்), டாக்ஸ் (ஆவணம்) என்று முன்னொட்டு வைக்கும் கன்வென்ஷனல் கமிட்ஸ் முறையா, கோப்புறையின் பெயரை முன்னால் போடும் முறையா, வெறும் வாக்கியமா என்று தெரிந்துவிடும். மாடல் தன் பழக்கப்படிதான் எழுதும். வழக்கத்தை நீங்கள் சொன்னால்தான் மாற்றிக்கொள்ளும்.

## 2. முதலில் கமிட்டைப் பிரியுங்கள்

ஒரு கமிட்டில் ஒரு காரணம்தான் இருக்க வேண்டும். பக் திருத்தம், பெயர் மாற்றம், இடைவெளி ஒழுங்கு மூன்றும் கலந்திருந்தால் எந்த மாடலாலும் நல்ல தலைப்பு எழுத முடியாது. மூன்றையும் உள்ளடக்க "மேம்படுத்து", "புதுப்பி" போன்ற பொத்தாம்பொதுவான சொல்லைத்தான் அது தேடிப் போகும்.

`கிட் ஆட் -பி` கட்டளை மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டிக் கேட்கும். வேண்டும் என்றால் ஒய், வேண்டாம் என்றால் என். ஒரு துண்டுக்குள்ளேயே இரண்டு விஷயம் இருந்தால் எஸ் அழுத்திப் பிரிக்கலாம். அதற்கும் பிரியாவிட்டால் இ அழுத்தி வரிகளைக் கையால் திருத்தலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புதிதாக உருவாக்கிய, கிட் இன்னும் கவனிக்கத் தொடங்காத கோப்புகள் `கிட் ஆட் -பி`-யில் வராது. அவற்றைப் பெயர் சொல்லித் தனியாகச் சேர்க்க வேண்டும். இதை மறந்தால் புதிய கோப்பை அழைக்கும் கோடு கமிட்டில் இருக்கும், அந்தக் கோப்பு இருக்காது. பில்டும் உடையும், மாடலும் பாதிக் கதையை மட்டும் பார்த்து எழுதும்.

சரியாகப் பிரித்தோமா என்பதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஏஐ எழுதிய தலைப்பில் "மற்றும்" என்ற சொல் வந்தால் கமிட்டைப் பிரிக்க வேண்டுமோ என்று சந்தேகப்படுங்கள். அந்தச் சந்தேகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

## 3. ஸ்டேஜ் ஆனதை உங்கள் கண்ணால் ஒருமுறை படியுங்கள்

`கிட் டிஃப் --ஸ்டேஜ்டு` போடுங்கள். வெறும் `கிட் டிஃப்` ஸ்டேஜ் ஆகாத மாற்றங்களைத்தான் காட்டும். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறும் இதுவே: `--ஸ்டேஜ்டு` விட்டுப்போனதால், கமிட்டில் போகாத மாற்றங்களைப் பற்றி மாடல் அழகாக ஒரு மெசேஜ் எழுதித் தந்துவிடும்.

படிக்கும்போது முதலில் ரகசியங்களைத் தேடுங்கள். ஏபிஐ சாவி, டேட்டாபேஸ் கடவுச்சொல், .என்வ் கோப்பு, சோதனைக்காக ஒட்டிய வாடிக்கையாளரின் உண்மையான தரவு. வழக்கமாக இவற்றை புஷ் செய்யும் முன், அதாவது பொது சர்வருக்கு அனுப்பும் முன், பார்த்தால் போதும் என்று நினைப்போம். ஏஐ நடுவில் வந்தபின் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. பொத்தானை அழுத்திய கணமே டிஃப் வெளியே போய்விடும், கமிட்டே செய்யாவிட்டாலும் கூட. ரகசியங்களைத் தேடிப் பிடிக்கும் கிட்லீக்ஸ் போன்ற கருவியை இந்த இடத்தில் ஓடவிடுவது நல்லது. ஏதாவது சிக்கினால் `கிட் ரிஸ்டோர் --ஸ்டேஜ்டு` கொடுத்து அந்தக் கோப்பை வெளியே எடுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களென்றால் அந்தச் சாவியை ரத்து செய்து புதிதாக எடுப்பதுதான் தீர்வு.

அடுத்து, டீபக் செய்வதற்காகப் போட்ட பிரின்ட் வரிகள். இவை விட்டுப்போனால் மாடல் "லாகிங் வசதி சேர்" என்று பெருமையாக எழுதிவிடும்.

## 4. காரணத்தை இரண்டு வரியில் எழுதுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. மொத்த வேலையும் நிற்பது இதன் மேல்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. கட்டணம் வசூலிக்கும் மாட்யூலில் மாற்றம் இரண்டே வரி: டைம்அவுட் 5 விநாடியிலிருந்து 30 விநாடி ஆகிறது, மறுமுயற்சி 3-இலிருந்து 0 ஆகிறது. டிஃப்பை மட்டும் கொடுத்தால் மாடல் எழுதுவது இப்படி இருக்கும்:

> பேமென்ட் கிளையன்டின் டைம்அவுட், மறுமுயற்சி அமைப்புகளைப் புதுப்பி
>
> நம்பகத்தன்மையை மேம்படுத்த டைம்அவுட் 30 விநாடியாக உயர்த்தப்பட்டது. செயல்திறனுக்காக மறுமுயற்சி நீக்கப்பட்டது.

முதல் வரி டிஃப்பைத் திருப்பிச் சொல்கிறது. இரண்டாம் பத்தி கற்பனை. செயல்திறன் என்ற பேச்சே அந்த மாற்றத்தில் கிடையாது.

இப்போது டிஃப்போடு இந்தக் காரணத்தையும் சேர்த்துக் கொடுங்கள்: "பேங்க் கேட்வே கூட்ட நேரத்தில் பதில் சொல்ல 20 செகண்ட் வரை எடுக்குது. நம்ம பக்கம் 5 செகண்டில் டைம்அவுட் ஆகி மறுபடி அனுப்புறதால, ஒரே ஆர்டருக்கு ரெண்டு தடவை பணம் பிடிக்குது. கேட்வேல டூப்ளிகேட்டைத் தடுக்கிற சாவி இல்ல, அதனால ரீட்ரையே வேண்டாம்." வருவது:

> ஒரே ஆர்டருக்கு இருமுறை பணம் பிடிப்பதைத் தடு
>
> கூட்ட நேரத்தில் கேட்வே பதில் தர 20 விநாடி வரை ஆகிறது. 5 விநாடியில் டைம்அவுட் ஆகி மறுமுயற்சி போனதால் முதல் கோரிக்கையும் இரண்டாவதும் நிறைவேறின. டூப்ளிகேட்டைத் தடுக்கும் சாவி கேட்வேயில் இல்லாததால் மறுமுயற்சி பாதுகாப்பானதல்ல. அதை நீக்கி, டைம்அவுட்டை 30 விநாடியாக்கு.

அடுத்த ஆண்டு யாரோ ஒருவர் "30 விநாடி ரொம்ப அதிகம், 5 போதும்" என்று நினைத்து, ஒரு வரி எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் `கிட் பிளேம்` போடும்போது அவரைத் தடுத்து நிறுத்துவது இந்த இரண்டாவது மெசேஜ்தான்.

கவனித்தீர்களா, காரணத்தைப் பேச்சுத் தமிழிலேயே கொடுத்திருக்கிறோம். இது நமக்கு உண்மையான வசதி. ஆங்கிலத்தில் எழுதத் தயங்கி "ஃபிக்ஸ் பக்" என்று நிறுத்திக்கொள்கிறவர்கள், நினைத்ததை நினைத்த மொழியில் கொட்டிவிட்டு, ஆங்கிலத்தில் ஆக்கும் வேலையை மாடலிடம் விடலாம். பெரிய மாடல்கள் தமிழையும் தங்கிலீஷையும் நன்றாகவே புரிந்துகொள்கின்றன. கணினியில் ஓடும் சிறிய மாடல்கள் தமிழில் தடுமாறக்கூடும், அங்கே எளிய ஆங்கிலக் குறிப்பு போதும்.

எழுத என்ன இருக்கிறது என்று தோன்றினால் மூன்று கேள்விக்குப் பதில் தேடுங்கள். மாற்றத்துக்கு முன் என்ன தவறாக நடந்தது? வேறு எந்த வழியை யோசித்து விட்டுவிட்டீர்கள்? இதனால் வேறெங்காவது நடத்தை மாறுமா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் ஒற்றை வரி மெசேஜே அந்தக் கமிட்டுக்குப் போதும்.

## 5. விதிகளை ஒரு கோப்பில் வைத்துவிடுங்கள்

ஒவ்வொரு முறையும் பிராம்ட் அடித்தால் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வரும். விதிகளை ரெப்போவிலேயே (திட்டத்தின் கோடு இருக்கும் கிட் களஞ்சியத்திலேயே) ஒரு கோப்பாக வைத்தால் குழு முழுவதற்கும் ஒரே பாணி கிடைக்கும். விஎஸ் கோடில் கோபைலட்டின் கமிட் மெசேஜுக்கென்றே தனி அமைப்பு இருக்கிறது. ஒர்க்ஸ்பேஸ் செட்டிங்ஸில் அதை எழுதி ரெப்போவில் சேர்த்துவிடலாம். கோப்பில் இருக்க வேண்டியவை:

- தலைப்பு 50 எழுத்துக்குள், மிஞ்சினால் 72. கிட்ஹப் பக்கத்தில் 72-ஐத் தாண்டிய தலைப்பு வெட்டுப்பட்டுத் தெரியும்.
- தலைப்புக்கும் உடலுக்கும் நடுவே ஒரு வெற்று வரி. முதல் வெற்று வரி வரை உள்ள எல்லாவற்றையும் கிட் தலைப்பாகவே எடுத்துக்கொள்ளும். வெற்று வரி விட்டுப்போனால் `--ஒன்லைன்` பட்டியலில் மொத்தப் பத்தியும் ஒரே வரியாக ஓடும்.
- உடலில் ஒரு வரி 72 எழுத்து. `கிட் லாக்` இடப்பக்கம் 4 இடம் விட்டுக் காட்டுவதால் 80 எழுத்து அகலத் திரையில் இது மடங்காமல் நிற்கும்.
- ஏவல் வடிவம்: "சேர்", "நீக்கு", "தடு". கிட் தானாக எழுதும் மெர்ஜ், ரிவர்ட் மெசேஜ்களும் இந்த வடிவில்தான் இருக்கின்றன. மாடல் இறந்தகாலத்துக்கு நழுவும், ஆகவே வெளிப்படையாகச் சொல்லுங்கள்.
- மார்க்டவுன் வேண்டாம், மெசேஜைக் கோட் போல மூன்று பேக்டிக் குறிகளுக்குள் அடைக்க வேண்டாம், "இதோ உங்கள் கமிட் மெசேஜ்" என்ற முன்னுரை வேண்டாம்.
- கோப்பு வாரியாகப் பட்டியல் போடாதே. அது டிஃப்பிலேயே இருக்கிறது.
- கொடுக்காத டிக்கெட் எண்ணை எழுதாதே.
- காரணம் கொடுக்கப்படாவிட்டால் ஊகிக்காதே, "காரணம்: ?" என்று எழுதி நிறுத்து.

இவற்றில் மிக அதிகப் பலன் தருவது கடைசி விதி. காலியிடத்தை அழகான பொய்யால் நிரப்புவது மாடலின் இயல்பு. காலியிடம் கண்ணில் பட்டால் நீங்கள் நிரப்புவீர்கள்.

விதிகளோடு உங்கள் ரெப்போவிலிருந்தே மூன்று நல்ல மெசேஜ்களை எடுத்துக்காட்டாக ஒட்டுங்கள். நீளம், தொனி, முன்னொட்டு மூன்றையும் மாடல் அதிலிருந்து பிடித்துக்கொள்ளும். "தொழில்முறையாக எழுது" என்று சொல்வதால் எதுவும் நடக்காது. இன்னும் பகட்டான சொற்கள் வந்து சேரும், அவ்வளவுதான்.

கன்வென்ஷனல் கமிட்ஸ் பின்பற்றும் ரெப்போவில் எந்த முன்னொட்டு எப்போது என்பதை வரையறுத்துச் சொல்லுங்கள். முன்னொட்டைப் பார்த்துப் புதிய பதிப்பைத் தானாக வெளியிடும் செமான்டிக் ரிலீஸ் போன்ற கருவி இருந்தால் ஃபிக்ஸ் என்பது பதிப்பின் பேட்ச் எண்ணையும் (மூன்றாவது), ஃபீட் என்பது மைனர் எண்ணையும் (நடுவில் உள்ளது) கூட்டும். உள் ஒழுங்கு மட்டும் செய்த ஒரு கமிட்டுக்கு மாடல் ஃபீட் என்று போட்டுவிட்டால், புதிதாக ஒன்றுமே இல்லாத புதிய பதிப்பு வெளியாகிவிடும்.

## 6. மாடலுக்கு எதை அனுப்புவது, எதை விடுவது

பேக்கேஜ்களின் பதிப்புகளைப் பூட்டி வைக்கும் லாக் கோப்புகள், பில்டில் உருவானவை, ஸ்னாப்ஷாட்டுகள் ஆகியவற்றை அனுப்பும் டிஃப்பிலிருந்து விலக்குங்கள். ஒரு பேக்கேஜ் சேர்த்தாலே பேக்கேஜ் லாக் கோப்பில் ஆயிரக்கணக்கான வரி மாறலாம். நீங்கள் எழுதிய பத்து வரி அதில் மூழ்கிப்போகும். `கிட் டிஃப் --ஸ்டேஜ்டு` கட்டளையின் கடைசியில் இரண்டு கோடு, ஒரு புள்ளி, பிறகு ஒற்றை மேற்கோளுக்குள் முக்காற்புள்ளியும் ஆச்சரியக்குறியும் சேர்த்துக் கோப்பின் பெயர் என்று கொடுத்தால் அது விலகும். கமிட்டில் கோப்பு இருக்கும், மாடலின் பார்வையில் மட்டும் இருக்காது.

கூடவே `--ஸ்டாட்` கொடுக்கும் சுருக்கத்தையும் அனுப்புங்கள். எது பெரிய மாற்றம், எது சின்னது என்று மாடலுக்கு ஒரு பருமன் கிடைக்கும்.

டிஃப் இயல்பாக மாற்றத்துக்கு மேலும் கீழும் 3 வரிகள்தான் காட்டும். மாறியது எந்த ஃபங்ஷனுக்குள் என்று பல சமயம் அதில் விளங்காது. மாற்றம் சிறியதென்றால் `-யு10` என்று, யு பெரிய எழுத்தாக, கொடுத்துச் சுற்றுவரிகளைக் கூட்டலாம், அல்லது `--ஃபங்ஷன்-கான்டெக்ஸ்ட்` கொடுத்து முழு ஃபங்ஷனையும் காட்டலாம். பெரிய டிஃப்புக்கு இது வேண்டாம்.

கணினியில் ஓடும் மாடலில் ஒரு பொறி இருக்கிறது. ஒல்லாமா இயல்பாக வைத்திருக்கும் கான்டெக்ஸ்ட் நீளம் (மாடல் ஒரே நேரத்தில் படிக்கும் அளவு), மாடல் தாங்கக்கூடிய நீளத்தைவிடச் சிறியதாக இருக்கலாம். டிஃப் அதைத் தாண்டினால் ஒரு பகுதி சத்தமில்லாமல் வெட்டப்படும், பிழைச் செய்தி வராது. முதல் சில கோப்புகளைப் பற்றியோ கடைசிக் கோப்புகளைப் பற்றியோ மட்டும் மெசேஜ் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அந்த நீளத்தைக் குறிக்கும் நம்_சிடிஎக்ஸ் மதிப்பை உயர்த்துங்கள், அல்லது கமிட்டைச் சிறிதாக்குங்கள். இரண்டாவதுதான் மேல். மாடலின் பதில் எவ்வளவு மாறி மாறி வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் டெம்பரேச்சரை 0.2 அளவில் வைத்தால் ஒரே டிஃப்புக்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பாணியில் எழுதுவது குறையும்.

கோப்புப் பெயர்கள் தமிழில் இருக்கும் ரெப்போவில் இன்னொரு தொல்லை உண்டு. கிட் இயல்பாகத் தமிழ் எழுத்துகளை `\340\256` என்று தொடங்கும் எண்களாக மாற்றித்தான் காட்டும். மாடலுக்கு அது எந்தக் கோப்பு என்றே தெரியாது. `கிட் கான்ஃபிக்` மூலம் கோர்.கோட்பாத் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் பெயர்கள் பெயர்களாகவே வரும்.

## 7. வந்த மெசேஜைச் சரிபார்ப்பது

டிஃப்பை ஒரு பக்கமும் மெசேஜை ஒரு பக்கமும் வைத்து, மெசேஜின் ஒவ்வொரு கூற்றுக்கும் "இது எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். டிஃப்பிலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது நீங்கள் கொடுத்த காரணத்திலிருந்து. இரண்டிலும் இல்லாதது கற்பனை. அதை வெட்டுங்கள்.

அடிக்கடி வரும் கற்பனைகள் சில. "செயல்திறன் மேம்படும்": அளந்தீர்களா? அளக்கவில்லையென்றால் எடுத்துவிடுங்கள். "பாதுகாப்பை வலுப்படுத்து": மதிப்பு காலியா என்று பார்க்கும் ஒரு சோதனை சேர்த்ததற்கு இந்தச் சொல் பொருந்தாது. "டெஸ்ட்களும் சேர்க்கப்பட்டன": டெஸ்ட் கோப்பில் பெயர் மாற்றம் மட்டும் நடந்திருந்தாலும் இப்படி வரும். "நடத்தையில் மாற்றமில்லை" என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ரிவ்யூ செய்கிறவர் அதை நம்பி மேலோட்டமாகப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிடுவார். நீங்கள் உறுதி செய்திருந்தால் மட்டும் அந்த வரி இருக்கட்டும்.

டிக்கெட் எண்ணைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். கிட்ஹப்பில் ஃபிக்ஸஸ் அல்லது குளோஸஸ் என்ற சொல்லோடு ஓர் எண் இருந்தால், கமிட் முதன்மை பிராஞ்சில் (திட்டத்தின் முக்கியக் கிளையில்) சேர்ந்ததும் அந்த எண்ணுள்ள இஷ்யூ, அதாவது கிட்ஹப்பில் பதிந்த டிக்கெட், தானாக மூடப்படும். மாடல் புனைந்த எண், சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருடைய இஷ்யூவை மூடிவிடும். லினக்ஸ் கெர்னலில் எந்தக் கமிட்டில் பிழை நுழைந்தது என்று சொல்லும் ஃபிக்ஸஸ் வரிக்குக் குறைந்தது 12 எழுத்துள்ள கமிட் ஐடி தர வேண்டும். அதையும் மாடல்கள் பார்ப்பதற்கு அசலாகத் தெரியும்படி புனையக்கூடியவை. இத்தகைய எண்களையும் ஐடிக்களையும் கையால் மட்டுமே எழுதுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் "மறுபடி எழுது" என்று பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஐந்து விதமாக வந்தாலும் ஐந்திலும் குறைவது ஒன்றே, நான்காம் படியில் சொன்ன காரணம். அதைச் சேர்த்து ஒருமுறை கேளுங்கள், இல்லையென்றால் கையால் திருத்துங்கள்.

## 8. மெசேஜைக் கமிட்டுக்குள் சேர்ப்பது

ஏஐ தந்ததை நகலெடுத்து `கிட் கமிட் -எம்` என்று மேற்கோளுக்குள் ஒட்டுவது வழக்கம். இதைத் தவிருங்கள். ஃபங்ஷன் பெயர்களைச் சாய்ந்த ஒற்றைக் குறியான பேக்டிக்குக்குள் வைப்பது மாடல்களின் பழக்கம். பாஷ், ஸீஷெல் இரண்டிலும் இரட்டை மேற்கோளுக்குள் பேக்டிக் இருந்தால் ஷெல் அதைக் கட்டளையாக ஓட்டிப் பார்க்கும். பெரும்பாலும் "கட்டளை இல்லை" என்ற பிழை வந்து, மெசேஜில் அந்தப் பெயர் மட்டும் காணாமல் போயிருக்கும். அதே பெயரில் உண்மையான கட்டளை ஒன்று இருந்தால் அது ஓடியே விடும். டாலர் குறிக்கும் இதே கதி.

பாதுகாப்பான வழி, மெசேஜைக் கோப்பில் எழுதி `கிட் கமிட் -எஃப்` என்று, எஃப் பெரிய எழுத்தாக, கோப்பின் பெயரோடு கொடுப்பது. கூடவே `-இ` சேர்த்தால் எடிட்டர் திறந்து ஒருமுறை திருத்த வாய்ப்புத் தரும். `-வி` சேர்த்தால் எடிட்டரின் அடியில் டிஃப்பும் தெரியும். ஏழாம் படியை அங்கேயே முடித்துவிடலாம்.

எடிட்டர் வழியாகப் போகும்போது இன்னொன்று. # குறியில் தொடங்கும் வரிகளைக் கிட் குறிப்பென்று நினைத்து நீக்கிவிடும். மாடல் மார்க்டவுன் தலைப்பு போட்டிருந்தால் அது மறையும். "#412 இஷ்யூவைப் பார்க்கவும்" என்ற வரியும் அந்தக் குறியில் தொடங்குவதால் மறையும், யாரும் கவனிக்க மாட்டார்கள். வரியை "இஷ்யூ #412" என்று மாற்றி எழுதினால் போதும். குழு முழுவதற்கும் வேண்டுமென்றால் கோர்.கமென்ட்சார் அமைப்பில் வேறு குறியை வைக்கலாம்.

## 9. கை பழகியபின் ஹுக் போடுங்கள்

ஹுக் என்பது கமிட்டின்போது கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட். மேலே உள்ளவற்றைக் கையால் இரண்டு வாரமாவது செய்தபின் தானியங்கியாக்குங்கள். முதல் நாளே ஹுக் போட்டவர்கள் வருவதைப் படிக்காமல் சேமித்து மூடப் பழகிவிடுகிறார்கள்.

எடிட்டர் திறப்பதற்கு முன் ஓடும் ஹுக்கின் பெயர் பிரிப்பேர்-கமிட்-எம்எஸ்ஜி. அதற்கு முதல் மதிப்பாக மெசேஜ் கோப்பின் பாதையும், இரண்டாவதாக மெசேஜ் எங்கிருந்து வந்தது என்பதும் கிடைக்கும். ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியவை இந்த வரிசையில்:

1. இரண்டாவது மதிப்பு காலியாக இல்லாவிட்டால் ஒன்றும் செய்யாமல் வெளியேறு. மெர்ஜ், ஸ்குவாஷ், அமெண்ட், `-எம்` ஆகியவற்றில் ஏற்கெனவே ஒரு மெசேஜ் இருக்கும். இந்தச் சோதனை இல்லாவிட்டால் அமெண்ட் செய்யும்போது நீங்கள் கவனமாக எழுதியதை ஏஐ அழித்துவிடும். கமிட் டெம்ப்ளேட் வைத்திருப்பவர்களுக்கு "டெம்ப்ளேட்" என்று வரும், அதை மட்டும் அனுமதிக்கவும்.
2. ஸ்டேஜ் ஆன டிஃப்பை விலக்குகளோடு எடு. காலியாக இருந்தால் வெளியேறு.
3. நான்காம் படியில் சொன்ன காரணத்தை நீங்கள் எழுதி வைத்த கோப்பைப் படி. பிராஞ்ச் பெயரில் டிக்கெட் எண் இருந்தால் அதையும் சேர்.
4. மாடலைக் கேள், 15 விநாடிக் கெடுவோடு. மேக் கணினியில் டைம்அவுட் கட்டளை இயல்பாக இருக்காது, அதை நிறுவிக்கொள்ள வேண்டும்.
5. பதில் வந்தால் கோப்பின் தொடக்கத்தில் எழுது. வராவிட்டாலும் பூஜ்யத்தோடு வெளியேறு. வேறு எண்ணோடு வெளியேறினால் கிட் கமிட்டையே நிறுத்திவிடும். இணையம் இல்லாத ரயிலில் கமிட் செய்ய முடியாமல் உட்கார வேண்டியிருக்கும். `--நோ-வெரிஃபை` போட்டாலும் இந்த ஹுக் ஓடியே தீரும்.

ஹுக் ஓடவே இல்லையென்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கோப்புக்கு `சிஎச்மோட் +எக்ஸ்` கொடுக்கவில்லை, அல்லது திட்டத்தில் ஹுக்குகளை நிர்வகிக்கும் ஹஸ்கி என்ற கருவி இருக்கிறது. ஹஸ்கி கோர்.ஹுக்ஸ்பாத் அமைப்பை மாற்றிவிடுவதால் .கிட் கோப்புறைக்குள் நீங்கள் வைத்ததைக் கிட் பார்க்காது.

இதற்குத் துணையாக, மெசேஜ் எழுதி முடித்தபின் ஓடும் கமிட்-எம்எஸ்ஜி ஹுக்கில் "காரணம்: ?" என்ற சொல் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் கமிட்டை நிறுத்துங்கள். ஐந்தாம் படியில் போட்ட விதிக்கு அப்போதுதான் பல் முளைக்கும்.

## 10. தவறான மெசேஜ் போய்விட்டால்

கடைசிக் கமிட் என்றால் `கிட் கமிட் --அமெண்ட்`. அதற்கு முந்தையது என்றால் `கிட் ரீபேஸ் -ஐ` போட்டு, அந்த வரியில் பிக் என்பதை ரீவேர்ட் என்று மாற்றுங்கள். இரண்டிலும் கமிட் ஐடி மாறும். ஆகவே மற்றவர்களும் வேலை செய்யும் பிராஞ்சில் புஷ் செய்தபின் இதைச் செய்யாதீர்கள். அந்த நிலையில் சரியான விளக்கத்தைப் பிஆரிலோ (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்டிலோ) இஷ்யூவிலோ எழுதுவதே நல்லது.

ஸ்குவாஷ் மெர்ஜ் செய்யும் குழுவில் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். தனித்தனிக் கமிட்டுகள் ஒன்றாக்கப்படும்போது முதன்மை பிராஞ்சில் நிற்பது அந்த மெர்ஜ் பெட்டியில் இருக்கும் தலைப்பும் உடலும் மட்டுமே. அப்படிப்பட்ட ரெப்போவில் இத்தனை உழைப்பையும் அந்தப் பெட்டியில் போய்ச் சேரும் தலைப்பிலும் உடலிலும் போடுங்கள்.

## 11. ஏஐ உதவியைக் குறிப்பிடுவது

கிளாட் கோட் போன்ற சில கருவிகள் மெசேஜின் கடைசியில் கோ-ஆத்தர்டு-பை என்ற வரியைத் தாமாகவே சேர்க்கும். வேண்டுமா வேண்டாமா என்று குழு முடிவெடுத்து ஒரே மாதிரி வையுங்கள். சைன்டு-ஆஃப்-பை வரி மட்டும் வேறு. இந்த மாற்றத்தைத் தர எனக்கு உரிமை உண்டு என்று ஒரு மனிதர் கொடுக்கும் உறுதிமொழி அது. ஏஐ அந்த வரியைச் சேர்க்கக் கூடாது என்று லினக்ஸ் கெர்னலின் வழிகாட்டல் தெளிவாகச் சொல்கிறது. விதிக் கோப்பில் இதையும் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

## 12. ஏஐயைக் கூப்பிடாத கமிட்டுகள்

எழுத்துப்பிழைத் திருத்தம், பதிப்பு எண் மாற்றம் போன்றவற்றுக்குக் கையால் ஒரு வரி எழுதுவதே வேகம். மாடலிடம் கொடுத்தால் ஒரு எழுத்துப்பிழைக்கு நான்கு வரி விளக்கம் வரும்.

`கிட் ரிவர்ட்` தானாக எழுதும் மெசேஜில் எந்தக் கமிட் திரும்பப் பெறப்படுகிறது என்பது இருக்கும், ஏன் என்பது இருக்காது. டிஃப்பைத் தலைகீழாகப் பார்த்து மாடலும் அதை அறிய முடியாது. என்ன உடைந்தது என்று அங்கே நீங்களே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

இன்னும் வெளியில் அறிவிக்காத பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் கமிட்டை எந்த வெளி மாடலுக்கும் அனுப்ப வேண்டாம். அந்த டிஃப்பே ஓட்டை எங்கே என்று காட்டிக்கொடுக்கும். மெசேஜில் எவ்வளவு சொல்வது, எதை அறிவிப்பு நாள் வரை மறைப்பது என்பதையும் பாதுகாப்புக் குழுவோடு பேசி, கையாலேயே எழுதுங்கள். ஹுக் போட்டிருந்தால் அந்த ரெப்போவில் அதை அணைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.